மரத் தொப்பிக்காரரின் சம்பளம்

சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்றார் ஒருவர். "பெரிய கம்பெனியில் எஞ்சினீயராக இருந்தார், இப்போது மானேஜராகிவிட்டார்" என்றார் மற்றவர். அதை அவர் சொன்ன தோரணை, "டைபாய்டு ஜுரமாகக் கிடந்தான், இப்போது எழுந்து நடமாடுகிறான்" என்று சொல்வது போல் இருந்தது. கேட்டவரும் 'அப்பாடா!' என்கிற முகத்தோடு தலையை ஆட்டினார்.

"மானேஜராக இருந்தார், இப்போது எஞ்சினீயராக உயர்ந்துவிட்டார்" என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

என் நண்பர் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் 22 வருஷம் எஞ்சினீயராக இருந்தார். ஓடுகிற யந்திரத்தின் அருகில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஒரு நாள் அவரை மானேஜராக்கினார்கள். சம்பளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. அதற்குப் பிறகு அவர் லீவு விண்ணப்பங்களில் கையெழுத்திட்டார், பட்ஜெட் கூட்டங்களில் உட்கார்ந்தார், யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதை விசாரித்தார். மேஜை இழுப்பறையில் மட்டும் பழைய மைக்ரோமீட்டர் ஒன்றை வைத்திருந்தார். சில சமயம் அதை எடுத்து, ஒரு காகிதத்தின் கனத்தை அளந்து பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துவிடுவார்.

"பிடிக்காத வேலையை ஏன் ஐயா ஒப்புக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"எஞ்சினீயர் கிரேடில் எனக்கு மேலே படியே இல்லை. இன்னும் பத்து வருஷம் அதே சம்பளத்தில் உட்கார வேண்டியதுதான். பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவேண்டாமா?" என்றார்.

இது அந்த ஒரு தொழிற்சாலையின் விசித்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இந்த விஷயமாகப் படிக்கப் படிக்க, உலகத்தில் யந்திரக் கம்பெனி என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்தே இந்த வழக்கும் தோன்றிவிட்டது என்று தெரிந்தது. அதன் முதல் கட்சிக்காரர் ஒரு மரத் தொப்பி அணிந்தவர்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்கு அருகில் சோஹோ என்ற இடத்தில் மாத்யூ போல்ட்டன் என்பவர் ஒரு பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார். பித்தான், பெல்ட் கொக்கி, வெள்ளிப் பாத்திரம் முதலியவை அங்கே தயாராயின. 1775-ஆம் வருஷத்தில் அவர் ஜேம்ஸ் வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். நீராவி யந்திரம் என்றதும் நம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வருகிற அதே வாட்தான். கொதிக்கும் கெண்டியைப் பார்த்து அவர் யோசனை செய்தாரோ இல்லையோ, பழைய நியூகமன் யந்திரத்தில் நிலக்கரி வீணாவதைக் கண்டுபிடித்து, நீராவியைக் குளிர்விப்பதற்குத் தனி அறை ஒன்று வைத்தவர் அவர். 1769-இல் அதற்குப் பேடண்ட் வாங்கியிருந்தார். ஆனால் பேடண்ட் சாப்பாடு போடவில்லை. மாங்க்லண்ட் கால்வாய் வேலையை மேற்பார்வை பார்த்து, வருஷத்துக்கு 200 பவுன் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். ருஷ்ய சர்க்காரிலிருந்து 1,000 பவுன் சம்பளத்தில் ஓர் உத்தியோகம்கூட வந்தது. சோஹோவின் சிநேகிதர்கள் அவரைப் போகவிடவில்லை.

பங்கு ஒப்பந்தம் இப்படி அமைந்தது: லாபத்தில் மூன்றில் இரண்டு போல்ட்டனுக்கு, ஒன்று வாட்டுக்கு. அதுவரை ஆன செலவும், இனிமேல் பரிசோதனைகளுக்கு ஆகும் செலவும், முதலும் போல்ட்டன் பொறுப்பு. கண்டுபிடித்தவனுக்கு ஒரு பங்கு, கணக்குப் பார்த்தவனுக்கு இரண்டா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் போல்ட்டன் தகப்பனார் வழிச் சொத்தையும் மனைவி வழிச் சொத்தையும் இந்த யந்திரத்தில் கொட்டினார். வருஷக் கணக்காகக் கடன்காரர்களுக்குப் பதில் சொன்னார். வாட்டோ பேரம் பேசுவதென்றாலே நடுங்குகிறவர். தகராறுக் கணக்கைத் தீர்ப்பதைவிட, குண்டு நிரப்பிய பீரங்கிக்கு எதிரே நிற்பது மேல் என்று அவரே எழுதியிருக்கிறார். தலைவலியும் மனச்சோர்வும் ஓயாமல் அவரை வாட்டின. போல்ட்டன் இல்லாவிட்டால் வாட்டின் யந்திரம் ஒரு நல்ல யோசனையாகவே செத்துப்போயிருக்கும். ஆகையால் அந்தப் பங்கீட்டை நான் குறை சொல்லவில்லை.

நான் பார்க்க விரும்புவது அந்த இருவருக்கும் கீழே இருந்த மூன்றாவது ஆசாமியை.

1777-ஆம் வருஷம் வில்லியம் முர்டாக் என்ற 23 வயது இளைஞர் ஸ்காட்லாந்திலிருந்து சோஹோவுக்கு வேலை தேடி வந்தார். ஏறக்குறைய 300 மைல் நடந்தே வந்தார் என்று சொல்வார்கள். தகப்பனார் ஆலை யந்திரங்கள் அமைக்கும் தச்சர். வாட் அப்போது ஊரில் இல்லை, போல்ட்டன்தான் பார்த்தார். வேலை காலி இல்லை என்று சொல்லி அனுப்பப் போகிற சமயம். பையன் சங்கோஜத்தில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அது நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த தொப்பி 'டக்' என்று சத்தம் போட்டது. துணியும் தோலும் அப்படிச் சத்தம் போடுமா? போல்ட்டன் விசாரித்தார். மரத்தால் செய்த தொப்பி என்றும், தானே ஒரு கடைசல் யந்திரம் செய்து அதில் கடைந்தது என்றும் பையன் சொன்னான். தலையோ வட்டம் அல்ல, நீள்வட்டம். சாதாரணக் கடைசலில் நீள்வட்டம் வராது. போல்ட்டன் கெட்டிக்காரர், விஷயம் உடனே புரிந்துவிட்டது. வாரம் 15 ஷில்லிங் சம்பளத்தில் முர்டாக்குக்கு வேலை கிடைத்தது.

இரண்டு வருஷத்துக்கெல்லாம் அவரைக் கார்ன்வாலுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் அந்தப் பிரதேசம் முழுவதும் தாமிரச் சுரங்கமும் வெள்ளீயச் சுரங்கமும். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க யந்திரம் வேண்டும். யந்திரம் எரிக்க நிலக்கரி வேண்டும். நிலக்கரியோ கார்ன்வாலில் கிடையாது, கப்பலில் வரவேண்டும். வாட்டின் யந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சந்தை எங்கே உண்டு? போல்ட்டனும் வாட்டும் யந்திரத்தை ஒரேயடியாக விலைக்கு விற்கவில்லை. பழைய யந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு கரி மிச்சமாகிறதோ, அந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கப்பமாக வாங்கினார்கள். யந்திரம் எத்தனை தடவை அடித்தது என்று எண்ணுவதற்கு ஒரு பூட்டிய பெட்டியை உத்தரத்தில் பொருத்தினார்கள். பெட்டிக்குள் இருந்த சின்னச் சக்கரங்கள் இரவும் பகலும் சோஹோவுக்காகப் பணம் எண்ணின.

ஆனால் யந்திரம் ஓடினால்தானே எண்ணிக்கை ஓடும்? அதை ஓடவைத்தவர் முர்டாக். சுரங்கத்திலிருந்து சுரங்கத்துக்குக் குதிரையில் அலைந்து, நடு இரவில் எழுப்பினாலும் போய், உடைந்ததை ஒட்டி, அடைத்ததைத் திறந்து, பம்புக் கம்பியை மாட்டிவிட்டு வருவார். கப்பம் கட்டப் பிடிக்காத சுரங்கத் தலைவர்கள் சிலர் அவரை மிரட்டப் பார்த்ததாகவும், அவர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு சட்டையைக் கழற்றி அவர்களோடு கைகலந்து, கடைசியில் கைகுலுக்கிச் சிநேகமாகப் பிரிந்ததாகவும் ஒரு கதை உண்டு. இந்த மாதிரி மானேஜ்மெண்டை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை.

இத்தனைக்கும் சம்பளம்? வாரம் ஒரு பவுன். இரண்டு கினியாகக் கேட்டார்; ஒரு கினி என்பது 21 ஷில்லிங். முதலாளிகள் தயங்கினார்கள். சம்பளத்தை உயர்த்தாமல், ஒரு தொகையை வெகுமதியாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள் என்று அந்தக் காலத்து எஞ்சினீயர்களின் வாழ்க்கையை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் சொல்லுகிறார். 'போனஸ்' என்ற மந்திரம் எவ்வளவு பழையது பாருங்கள்! சம்பளத்தை உயர்த்தினால் வருஷா வருஷம் கொடுக்கவேண்டும். வெகுமதி ஒரு தடவையோடு போயிற்று. அதற்கு நன்றி வேறு கிடைக்கும்.

அந்த வாரம் ஒரு பவுனுக்கு முர்டாக் யந்திரங்களைப் பழுது பார்த்ததோடு நிற்கவில்லை. மேலும் கீழும் அசையும் உத்தரத்தின் அசைவைச் சக்கரச் சுழற்சியாக மாற்றுவதற்கு 'சூரியனும் கிரகமும்' என்று பெயர் பெற்ற பல்சக்கர ஏற்பாடு ஒன்று உண்டு. சுரங்கத்தில் தண்ணீர் இறைத்த யந்திரம் ஆலைகளுக்குள் நுழைந்தது அதனால்தான். 1781-இல் அதற்குப் பேடண்ட் வாங்கியது வாட்டின் பெயரில். யோசனை முர்டாக்குடையது என்று பல சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

1784-ஐ ஒட்டி, ரெட்ரூத் என்ற ஊரில் அவர் ஒரு சின்ன நீராவி வண்டி செய்தார். உயரம் சுமார் ஓர் அடி. ஓர் இரவில் மாதாகோவிலுக்குப் போகும் ஒடுங்கிய பாதையில் அதை ஓடவிட்டார். அது 'புஸ் புஸ்' என்று தீயைக் கக்கிக்கொண்டு அவரையும் முந்திக்கொண்டு ஓடிவிட்டது. எதிரே வந்த பாதிரியார் சைத்தானே நேரில் வந்துவிட்டதாக எண்ணி அலறினாராம். சோஹோவுக்கு அந்த அலறல் வேறு விதமாகக் கேட்டது. இவன் வண்டி விளையாட்டில் இறங்கிவிட்டால் சுரங்க யந்திரங்களை யார் பார்ப்பது? 1784-இல் வாட் எடுத்த ஒரு பேடண்டில் நீராவி வண்டியையும் ஒரு மூலையில் சேர்த்து எழுதிவைத்தார். அவர் அந்த வண்டியைக் கட்டவே இல்லை.

1786-இல் முர்டாக் பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பினார், வண்டிக்குப் பேடண்ட் வாங்க. வழியில் எக்ஸிடர் அருகே எதிர்த் திசையில் வந்த கோச்சு வண்டியில் இருந்தவர் போல்ட்டன். இருவரும் இறங்கிப் பேசினார்கள். என்ன பேசியிருப்பார் என்று ஊகிப்பது கதை எழுதுகிற எனக்குக் கஷ்டமில்லை. தோளில் கை போட்டிருப்பார். "நம்ம கம்பெனி" என்றிருப்பார். பேச்சு முடிந்ததும் முர்டாக் வண்டி ஏறினார், கார்ன்வாலுக்கே. போல்ட்டன் இந்தச் செய்தியைத் திருப்தியோடு வாட்டுக்கு எழுதினார். 1801-இல் அதே கார்ன்வாலில், காம்பர்ன் என்ற ஊரில், ரிச்சர்ட் டிரெவிதிக் நீராவி வண்டியில் ஆட்களை ஏற்றி ஓட்டிக் காட்டினார்.

1792-இல் முர்டாக் ரெட்ரூத்தில் தம் வீட்டில் நிலக்கரியிலிருந்து வாயு எடுத்துக் குழாய் வழியாகக் கொண்டுவந்து விளக்கு ஏற்றினார். ஊரே வேடிக்கை பார்த்தது. பேடண்ட் வாங்கலாமா என்று கம்பெனியைக் கேட்டார். கம்பெனி அப்போது தன்னுடைய பழைய பேடண்டைக் காப்பாற்றக் கோர்ட்டில் வழக்காடிக்கொண்டிருந்தது. ஆகவே அதுவும் நடக்கவில்லை. 1808-இல் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தது. 1812-இல் லண்டனில் காஸ் விளக்குக் கம்பெனிக்குச் சாஸனம் கிடைத்து, அதன் பிறகு பலர் பணக்காரர்களானார்கள். அவர்களில் முர்டாக் இல்லை.

கடைசியில் 1810-இல், அவருக்கு 56 வயதாகும்போது, சோஹோவில் வருஷம் 1,000 பவுன் என்று ஏற்பாடாயிற்று. வாரம் 15 ஷில்லிங்கில் தொடங்கியவருக்கு அது பெரிய தொகைதான். ஆனால் முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு, ஒரு யந்திரம்கூட விற்பதற்கு முன்னாலேயே, ருஷ்யா வாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்ன தொகையும் அதே 1,000 பவுன்தான் என்பது என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பர்மிங்ஹாம் நகரத்தார் 1956-இல் இந்த மூவருக்கும் சேர்த்து ஒரு சிலை வைத்தார்கள். வெண்கலத்துக்கு மேல் தங்க முலாம். ஒரு யந்திரப் படத்தை மூவரும் கூடி நின்று பார்க்கிறார்கள். மூவருக்கும் முலாம் ஒரே அளவு பூசியிருக்கிறது.

முர்டாக்கின் கதையில் ஒரு சௌகரியம் உண்டு. முதலாளி யார், தொழிலாளி யார் என்பது தெளிவு. முதல் போட்டவன் அதிகம் எடுத்தான் என்று சொல்லிவிடலாம். என் நண்பரின் தொழிற்சாலை மானேஜர் முதல் போட்டவர் அல்லவே! அவரும் மாதச் சம்பளக்காரர்தான். அவருக்கு ஏன் அதிகம்?

இதற்கு விடை தேடினால் ரயிலில் ஏறவேண்டியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ரயில்வேக்கள் நூற்றுக்கணக்கான மைல் நீண்டன. முதலாளி நேரில் போய்ப் பார்க்க முடியாது. ஒருவருக்கு மேல் ஒருவராக மேற்பார்வை பார்க்க ஆட்கள் வேண்டியிருந்தார்கள். ஈரி ரயில்வேயில் டானியல் மெக்காலம் என்ற பாலம் கட்டும் எஞ்சினீயர் ஜெனரல் சூப்பரிண்டெண்டாக இருந்தார். 1855-இல் அவர் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று ஒரு படம் போடச் செய்தார். அது பார்க்க அழகான மரம். டைரக்டர்கள் கீழே வேரில் இருக்கிறார்கள். ரயில் ஓட்டுகிறவர்களும் நிலைய ஊழியர்களும் மேலே கிளையிலும் இலையிலும். பின்னால் வந்த கம்பெனிகள் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டன. வேர் உச்சிக்குப் போயிற்று. இலை தரைக்கு வந்தது.

அந்தத் தலைகீழ் மரத்தில் சம்பளம் எப்படி ஏறுகிறது என்பதை 1957-இல் ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதினார். 1978-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய விளக்கம் வெகு சுலபம். தன் கீழே இருப்பவனைவிடத் தனக்கு இத்தனை மடங்கு கூடுதலாக இருக்கவேண்டும் என்பது எல்லாக் காரியாலயத்திலும் ஒரு சம்பிரதாயம். படிகள் பெருகப் பெருக, அந்தச் சம்பிரதாயம் தானே பெருக்கல் கணக்காகிவிடுகிறது. நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படியில் சம்பளம் 100 ரூபாய் என்றும், ஒவ்வொரு படிக்கும் ஒன்றரை மடங்கு என்றும் வையுங்கள். இரண்டாம் படியில் 150, மூன்றாம் படியில் 225. ஏழாம் படியில் 1,139 ரூபாய். இந்தக் கணக்கு முழுவதிலும், ஏழாம் படியில் உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி ஓர் இடத்திலும் எழவில்லை என்பதைக் கவனியுங்கள்! அவருக்குக் கீழே எத்தனை படி என்பதுதான் கேள்வி.

எஞ்சினீயரின் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. அவருக்குக் கீழே இருப்பது ஆள் அல்ல, யந்திரம். யந்திரம் படியாகாது. பத்தாயிரம் பேர் நம்பி ஏறுகிற பாலத்துக்கு ஒருவர் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் அவர் 'கீழே யாரும் இல்லாதவர்'. நாலு குமாஸ்தாக்களை மேய்ப்பவர் 'கீழே நாலு பேர் உள்ளவர்'. அமெரிக்காவில் எட்வர்ட் ஹே என்பவர் உத்தியோகங்களுக்கு மார்க்குப் போட்டு மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்தார். பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. விஷய ஞானம், சிக்கல் தீர்க்கும் திறமை, பொறுப்பு என்று மூன்று தலைப்புகள். முதல் இரண்டிலும் எஞ்சினீயர் நன்றாக வாங்கிவிடலாம். பொறுப்பு என்பதை எடைபோடும்போது, அந்த உத்தியோகம் எவ்வளவு பணத்தைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். அங்கே மானேஜர் முந்திவிடுவார்.

மானேஜருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். நூறு பேரை ஒரே திசையில் பார்க்கவைப்பது லேசான காரியம் அல்ல. கதாசிரியனாகிய எனக்கு நாலு கதாபாத்திரங்களை ஓர் அறையில் சேர்த்தாலே ஒருவன் முரண்டு பிடிக்கிறான். நல்ல மானேஜர் கிடைப்பது நல்ல எஞ்சினீயர் கிடைப்பதைப் போலவே அபூர்வம். என் புகார் அவர் வாங்குவதைப் பற்றி அல்ல. நல்ல எஞ்சினீயரைப் பிடித்துச் சுமாரான மானேஜராக்கினால்தான் அவன் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்களே, அதைப் பற்றி.

கம்பெனிக்காரர்களுக்கும் இந்த நஷ்டம் தெரியாமல் இல்லை. சிறந்த எஞ்சினீயரை இழந்து சாதாரண மானேஜரைப் பெறுகிற வியாபாரம் யாருக்கு லாபம்? ஆகவே இரண்டாவது உலக யுத்தத்தை அடுத்த வருஷங்களில் அமெரிக்கக் கம்பெனிகள் 'இரட்டை ஏணி' என்று ஒன்றைக் கட்டின. ஒன்று மானேஜர் ஏணி. மற்றொன்று எஞ்சினீயர் ஏணி. இரண்டிலும் சமமான படிகள், சமமான சம்பளம் என்பது திட்டம். ஐ.பி.எம். கம்பெனியின் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் 1963-இல் அந்த ஏணியின் உச்சியில் 'ஃபெல்லோ' என்ற பட்டத்தை வைத்தார். ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் அந்த முதல் வருஷத்திலேயே அதைப் பெற்றார். அவர்களுக்கு மேய்க்க ஆள் வேண்டாம். விரும்பிய ஆராய்ச்சியைச் செய்யலாம்.

ஏணி நல்ல ஏணிதான். ஆனால் பல இடங்களில் கீழ்ப் படிகள் நெருக்கமாகவும், மேலே போகப் போகப் படிகளே அபூர்வமாகவும் இருந்தன. மானேஜர் ஏணியில் ஏற முடியாதவரைச் சாத்திவைக்கிற சுவராகவும் சில கம்பெனிகள் அதை உபயோகித்தன. 1986-இல் தாமஸ் ஆலன், ரால்ஃப் காட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், இந்த ஏணி மருந்தா, மானேஜர்களின் மயக்கமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். எஞ்சினீயர்களையே விசாரித்ததில் வேடிக்கையான பதில் வந்தது. பெரும் பகுதியினர், அதிலும் வயதானவர்கள், எந்த ஏணியும் வேண்டாம், சுவாரஸ்யமான வேலை கொடுத்தால் போதும் என்றார்களாம். கேட்கப் புல்லரிக்கிறது. வாரம் ஒரு பவுனுக்குக் குதிரையில் அலைந்த முர்டாக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார். அவரிடம் அதைத் தெரிந்துகொண்டுதான் போல்ட்டன் எக்ஸிடரில் வண்டியை நிறுத்தினார் என்பதையும் மறக்கக்கூடாது.

ஏணியே வேண்டாம் என்று கீழே குதித்தவர்களும் உண்டு. 1957-இல் கலிபோர்னியாவில் எட்டு இளைஞர்கள், டிரான்ஸிஸ்டர் புகழ் வில்லியம் ஷாக்லியின் கம்பெனியை விட்டு ஒரே சமயத்தில் வெளியேறி, ஆளுக்கு 500 டாலர் போட்டுப் புதுக் கம்பெனி ஒன்றில் பங்குதாரர்களானார்கள். அவர்களுக்குப் பின்பலமாக இருந்த பெரிய கம்பெனி 1959-இல் அதை 30 லட்சம் டாலருக்கு முழுவதுமாக வாங்கிக்கொண்டது. எஞ்சினீயர் மானேஜராகாமலே பணக்காரனாகலாம் என்று அப்போதுதான் அந்தப் பள்ளத்தாக்குக்குத் தெரிந்தது. இன்று அங்கே உள்ள பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகளில் மூத்த எஞ்சினீயரும் மானேஜரும் ஒரே தரத்தில் ஒரே அளவு சம்பளமும் பங்கும் வாங்குவது சாதாரணமாகிவிட்டது. எல்லா ஊரும் அந்தப் பள்ளத்தாக்கு அல்ல.

ஜப்பானுக்கு வருவோம். அங்கே ஷிகோகு தீவில் நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனியில் நகமுரா ஷுஜி என்ற எஞ்சினீயர் வேலை பார்த்தார். சிவப்பு, பச்சை ஒளி தரும் சின்ன விளக்குகள் வெகு நாளாக உண்டு. பளிச்சென்ற நீல ஒளிதான் யாருக்கும் அகப்படவில்லை. நீலம் கிடைத்தால்தான் வெள்ளை கிடைக்கும். கம்பெனியின் பழைய முதலாளி ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார், பின்னால் வந்த தலைவர் நிறுத்தச் சொன்னார், நகமுரா நிறுத்தவில்லை. 1993-இல் நீல விளக்கு கடைக்கு வந்தது. இன்று உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு அதன் வாரிசு. கண்டுபிடிப்புக்காக அவர் பெற்ற வெகுமதி 20,000 யென், அதாவது இருநூறு டாலருக்குச் சற்று ஏறக்குறைய. 1999-இல் வேலையை விட்டு அமெரிக்காவுக்குப் போனார். பிறகு வழக்குத் தொடர்ந்தார். 2004 ஜனவரியில் டோக்கியோ ஜில்லா கோர்ட்டு, கம்பெனிக்கு அந்த உரிமையால் ஏற்பட்ட லாபம் 12,080 கோடி யென் என்றும், அதில் பாதிக்கு அவர் உரியவர் என்றும் கணக்கிட்டு, அவர் கேட்டிருந்த 2,000 கோடி யென்னையும் கொடுக்கச் சொல்லிற்று. ஜப்பான் கம்பெனிகள் ஆடிப்போய்விட்டன. அடுத்த ஜனவரியில், அப்பீலில், சுமார் 84 கோடி யென்னுக்கு ராஜி ஆயிற்று. 2014-இல் அவர் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். 2015-இல் ஜப்பான் தன் பேடண்ட் சட்டத்தைத் திருத்தியது: முன்கூட்டியே விதி செய்துவைத்தால், ஊழியரின் கண்டுபிடிப்பு பிறக்கும்போதே கம்பெனியின் குழந்தை.

நகமுராவைவிட எனக்குப் பிடித்தவர் கியோட்டோ நகரத்தில் ஷிமாட்ஸு என்ற கருவிக் கம்பெனியில் இருந்த தனகா கோய்ச்சி. 1983-இல் சேர்ந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. மின்சார எஞ்சினீயரிங்கில் சாதாரணப் பட்டம். 1985-இல் ஒரு பரிசோதனையில் கோபால்ட் பொடியோடு தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். பொடி விலை உயர்ந்தது. கொட்டிவிட மனம் வரவில்லை. எதையும் வீணாக்கக்கூடாது என்பது அவருடைய பாட்டி வளர்த்த வளர்ப்பு. கலந்ததையே வைத்துச் சோதித்தார். பெரிய புரத அணுத்திரள்களை உடைக்காமல் எடைபோடும் வழி அதில் அகப்பட்டுவிட்டது. கம்பெனி கொடுத்த வெகுமதி சுமார் 11,000 யென்.

2002 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து டெலிபோன் வந்தபோது யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். ரசாயனத்துக்கான நோபல் பரிசில் அவருக்கும் பங்கு! பத்திரிகைக்காரர்கள் ஓடிவந்தபோது கம்பெனியின் வேலைச் சட்டையோடே வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 43. உத்தியோகம் 'ஷுனின்' என்ற தாழ்ந்த படி. ஏன் இன்னும் அங்கேயே என்று விசாரித்தபோது காரணம் வெளியாயிற்று. பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை உண்டு. உயர்ந்தால் மேற்பார்வை வேலை வந்துவிடும், கருவிகளை விட்டுப் போகவேண்டும் என்பதால் அவர் பரீட்சைக்கே போகவில்லை.

கம்பெனி அவசர அவசரமாக அவரை டைரக்டர்களுக்குச் சமமான இடத்துக்கு உயர்த்தப் பார்த்தது. அவர் 'ஃபெல்லோ' என்ற பட்டத்தோடு ஆராய்ச்சியிலேயே இருந்துவிட்டார். 2003-இல் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. 2018-இல், ஞாபக மறதி நோயின் அறிகுறியை ரத்தத்தில் தேடும் முறையைப் பற்றி 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது.

மைக்ரோமீட்டர் நண்பருக்கு இதையெல்லாம் ஒரு சாயங்காலம் விஸ்தாரமாகச் சொன்னேன். மரத் தொப்பிக்குச் சிரித்தார். நீல விளக்கு வழக்கில் கோர்ட்டு போட்ட கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்து, "சரிதான்" என்றார். தனகாவின் கதை முடிந்ததும் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பரீட்சையை எழுதாமலிருக்க அவர் வீட்டில் சம்மதித்தார்களா?" என்று கேட்டார்.